வடை ஓட்டையில் தெரிந்த கண்

மகனே,

நலமா என்று கேட்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய். உன் குரல் கார் நிறுத்துமிடம் வரை கேட்டது. பங்சார் ஆபீசில் வாரம் முழுக்க யாரோ உன்னை அதட்டுகிறார்கள் போலிருக்கிறது. அதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு டெங்கிலுக்கு வந்து, துப்பாக்கியை இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறவர்கள் தலையில் கொட்டுகிறாய். பயிற்சியாளர் என்று சட்டையில் தைத்துக்கொண்டு ஓராண்டுகூட ஆகவில்லை, அதற்குள் நடையே மாறிவிட்டது. இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பாமல் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். உன் மனைவியைப் பார்த்துக் கூட்டமாகச் சிரித்தீர்கள், பதிலும் கூட்டத்துக்கே வரட்டும். அதோடு, உன்னை மட்டும் தனியே திட்டினால் உன்னைப் போலவே இருக்கும் மற்ற மேதாவிகள் தப்பித்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களும் உட்கார்ந்து படிக்கட்டும்.

அன்று வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜை. கிளப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வருடாவருடம் துப்பாக்கி அறைக்கு வெளியே மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, துப்பாக்கிகளைக் குழல் மடித்துத் திறந்து வரிசையாக வைப்போம். ரேஞ்ச் ஆபீசர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, உள்ளே தோட்டா இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம். சீன நண்பர்கள் சுண்டலுக்காகவே வருவார்கள். அது முடிந்ததும் குடும்பத்துக்கு ஒருவராக நின்று, மெஷின் வீசும் களிமண் தட்டு ஒன்றைச் சுட வேண்டும். வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தால் அந்த முதல் வெடி அவளுக்கு. துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பவர் உன் அப்பாவின் அண்ணன், கமிட்டியில் இருக்கும் உன் பெரியப்பா. அவர் சுட்டு எத்தனையோ வருடமாகிறது. எடுத்துக் கொடுப்பதோடு சரி.

உன் மனைவி ஷாமினி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கிள்ளானில் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிற பெண், எதையும் நிதானமாகச் செய்வாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே துப்பாக்கியை இடது தோளில் வைத்தாள். சோறு சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால்தான், ஆனாலும் இடது தோளில் வைத்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அப்போதே பொறி தட்டியது. அதற்குள் பெரியப்பா வாயைத் திறந்துவிட்டார்.

"ஏம்மா, சாமி கும்பிட்டு எடுத்தத யாராச்சும் பீச்சாங்கைப் பக்கம் வெப்பாங்களா? வலது பக்கம் மாத்தும்மா."

"சாரி பெரியப்பா, அவளுக்குத் தெரியாது லா," என்று நீ ஓடிப்போய்த் துப்பாக்கியைப் பிடுங்கி அவள் வலது தோளில் வைத்தாய். வைத்தபின் பாடம் எடுத்தாய். "ரெண்டு கண்ணையும் தெறந்து வை. தட்ட மட்டும் பாரு. குழல பாக்காத." புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்தாய், அதில் ஒரு பிழையும் இல்லை. யாருக்குச் சொல்கிறோம் என்று மட்டும் பார்க்கவில்லை. அவள் சுட்டாள், தட்டு போய்க்கொண்டே இருந்தது. ஒரு தட்டோடு முடிந்திருக்க வேண்டிய சடங்கு. உனக்குத்தான் மானம் போய்விட்டதே, இன்னொண்ணு, இன்னொண்ணு என்று மெஷின்காரரை விரட்டினாய். "பயப்படாத லா, துப்பாக்கி உன்னக் கடிக்காது," என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். வலது மெஷினிலிருந்து இடது பக்கமாகப் பறந்த தட்டு இரண்டை அவள் உடைத்தாள். அதை "லக்" என்றாய். இடது மெஷினிலிருந்து வந்தது எதுவும் உடையவில்லை. ஒரு பக்கம் மட்டும் உடைகிறது, மறுபக்கம் உடையவே இல்லை. பயிற்சியாளன் என்று தைத்துக்கொண்ட ஒருவனுக்கு அதிலே ஒரு கேள்விகூட எழவில்லை. கடைசியில் ரேஞ்ச் ஆபீசர்தான் போதும் என்று கையைக் காட்டினார்.

பிறகு பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடலாம் என்று கிளம்பினோம். நீ பெரியப்பாவின் காரில் ஏறிக்கொண்டாய், அவள் என்னோடு வந்தாள். நெடுஞ்சாலை ஏறினோம். அவள் நான் வாங்கித் தந்திருந்த, சுடும்போது போடும் அங்கியைக் கழற்றி, மடித்து, பின் சீட்டில் வைத்தாள். "அத்தை, இத வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. எனக்கு இதுக்கெல்லாம் தைரியம் பத்தாது," என்றாள். கல்யாணம் பேசி முடித்த நாளில் நகையைப் பற்றிக் கேட்காமல், "அத்தை, எனக்கும் சுடக் கத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டவள் அவள். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உனக்குத் தெரியாது. அதையும் சேர்த்துத்தான் நீ அன்று கெடுத்தாய். அவள் சுட வராமல் போனால்கூட எனக்குப் பெரிதில்லை, நாட்டில் வேறு விளையாட்டு இல்லையா என்ன. தனக்குத் தைரியம் இல்லை என்று அவள் நம்பிவிட்டாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அதே வாக்கியத்தை நான் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் உன் அப்பா.

சாப்பாட்டுக் கடையில் நீயும் பெரியப்பாவும் மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, பெண்களுக்கு வெடிச் சத்தம் என்றால் ஏன் ஆகாது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தீர்கள். இந்தக் கோடியில் நடந்ததை நீ கவனிக்கவில்லை. இலையில் உளுந்து வடை வைத்தார்கள். நான் ஷாமினியிடம், "வடைய எடு. ரெண்டு கையாலயும் புடிச்சுக் கைய நல்லா நீட்டு. ஓட்டை வழியா அந்தச் சொவத்துக் கடிகாரத்தப் பாரு. தெரியுதா?" என்றேன்.

"தெரியுது அத்தை."

"கடிகாரத்த விட்டுடாம மெதுவா மூஞ்சிகிட்டக் கொண்டு வா."

வடை வலது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக இடது கண்ணில் வந்து நின்றது. கன்னமெல்லாம் எண்ணெய். "நல்ல நாளும் அதுவுமா சாப்பாட்ட வெச்சு என்ன வெளையாட்டு?" என்று பெரியப்பா அங்கிருந்து குரல் கொடுத்தார். ஷாமினி வடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "அப்படின்னா நான் பயந்ததுனால இல்லையா அத்தை?"

"இல்லம்மா. உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. உன் தோள மாத்துனாங்க பாரு, அவங்க மண்டைலதான் கோளாறு."

அவள் அந்த வடையைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

குரூப்பில் இருக்கும் மேதாவிகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், மெதுவாகவே படிக்கலாம். எல்லோருக்கும் இரண்டு கண்ணில் ஒன்று முந்திக்கொள்ளும். இரண்டையும் திறந்து வைத்தாலும் மூளை அந்த ஒன்றின் பேச்சைத்தான் கேட்கும். பலருக்கு எழுதுகிற கையும் முந்துகிற கண்ணும் ஒரே பக்கம். சிலருக்கு எதிரெதிர்ப் பக்கம். அது நோயும் இல்லை, குறையும் இல்லை, பேனா பிடிக்கும்போதோ கார் ஓட்டும்போதோ தெரியவும் தெரியாது. துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போதுதான் வினை. குழல் வலது கண்ணுக்குக் கீழே இருக்கிறது, பார்ப்பதோ இடது கண். குழல் நுனியில் குறி பார்க்க வைத்திருக்கும் சின்ன மணி தட்டின் மேல் சரியாக உட்கார்ந்திருப்பதாக அந்தக் கண் சத்தியம் செய்யும். குழலோ தட்டுக்கு இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டு வலது பக்கமாக ஓடினால் வெடி அதன் பின்னால் போகும். இடது பக்கமாக ஓடினால் வெடி கொஞ்சம் முன்னால் போய் விழுவதால் சில தட்டுகள் தாமாகவே வந்து மோதி உடையும். நீ லக் என்று சொன்னது இதைத்தான்.

இதற்கு நம் கிளப்பில் ஆளுக்கு ஒரு வைத்தியம் உண்டு. கேன்டீனில் உட்கார்ந்தால் போதும், கேட்காமலே வந்து சொல்வார்கள். ஒருவர் பளபளக்கும் மணியை ஒட்டச் சொல்வார், அதை ஒட்டியபிறகு அவர் குழல் நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தட்டு தன் பாட்டுக்குப் போய் விழுகிறது. ஒருவர் காலையில் தியானம் செய்யச் சொல்வார். துப்பாக்கியையே மாற்றச் சொல்பவரும் உண்டு, அவர் தன்னுடையதை விற்கப் பார்க்கிறவர். ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வோர்தான் அதிகம். பறந்து வரும் ஒன்று எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணிக்க இரண்டு கண்ணைக் கொடுத்திருக்கும்போது ஒன்றை மூடிக்கொண்டு தேடுவது என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கு விளங்கவில்லை. வலது தோளிலேயே பழகிப் பழகி ஊறிப்போனவர்கள் கண்ணாடியின் இடது பக்கத்தில், மணி தெரிகிற இடத்தில் மட்டும், மங்கலான டேப்பில் சின்னதாக ஒரு பொட்டு ஒட்டிக்கொள்ளட்டும். அது நல்ல வழிதான், நானே சிலருக்கு ஒட்டிவிட்டிருக்கிறேன். நேற்று வந்தவளுக்கு அது எதற்கு? துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினால் முடிந்தது. ஒரு மாதம் அசிங்கமாக இருக்கும், கை எங்கே போவது என்று தெரியாது, அப்புறம் சரியாகிவிடும்.

உன் அப்பாவைப் பற்றி நீ கேள்விப்பட்டதெல்லாம் அவர் வாங்கிய கோப்பைகள். நான் பார்த்தது வேறு. கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில், லோரி ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார், பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டி ஏன் தவறவிடுகிறாள் என்று மட்டும் அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. "நீ பயப்படுற, அதான் கண்ண மூடிடுற," என்பார். நான் மூடவே இல்லை. மூடவில்லை என்று சொன்னால், "மூடுறது உனக்கே தெரியாது," என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே, எனக்கே தெரியாமல் கண்ணை மூடுகிற கோழை நான் என்று என்னை நம்ப வைத்தார். பிறகு ஒருநாள் படிக்கும் கண்ணாடி வாங்க பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண் பார்க்கும் பெண் ஓட்டை போட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, "ஆன்டி, இத நீட்டிப் புடிச்சு அந்த கேலண்டரப் பாருங்க," என்றாள். பார்த்தேன். "ஓ, உங்களுக்கு லெஃப்ட் தான் மெயின் கண்ணு," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டாள். எனக்கு அந்த நாற்காலியிலேயே அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக்கு எதற்கு ஆன்டி அழுகிறார் என்று பாவம் அந்தப் பெண் பயந்துபோனாள்.

அடுத்த ஞாயிறு இடது தோளில் வைத்தேன். உன் அப்பா, "பொம்பள பீச்சாங்கைப் பக்கம் சுட்டா பாக்கவா நல்லாருக்கு?" என்று என் பக்கத்தில் நிற்காமல் கேன்டீனுக்குப் போய்விட்டார். அவர் உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்த இடம்வரை தட்டு உடைகிற சத்தம் போயிருக்கும். அதன்பிறகும் ஒரு சமாதானம் செய்துகொண்டோம். ஆயுத பூஜை அன்று மட்டும் பெரியப்பாவின் மனம் நோகாமல் வலது தோளில் வைத்து, அந்த ஒரு தட்டைத் தவறவிட்டுவிடுவேன். அதைப் பார்த்து, ஆம்பளைங்க முன்னால் இவள் தடுமாறுகிறாள் என்று அவர் வருடாவருடம் பூரித்துப் போவார். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. உன் அப்பா என்னிடம் கடைசிவரை வாய் திறந்து தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் என் துப்பாக்கியைக் காணோம் என்று தேடினேன். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து வைத்தார். வலது கன்னத்துக்காகச் செய்த, துப்பாக்கியின் மரக் கட்டையை யாரிடமோ கொடுத்து, சூடுகாட்டி, இடது கன்னத்துக்கு வளைத்து வாங்கி வந்திருந்தார். "புடிச்சுப் பாரு," என்றார், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்காகத்தான் அவர் படத்துக்கு இன்னும் பூ வைக்கிறேன். உனக்கு அந்த மாதிரி சாமர்த்தியமான வழியெல்லாம் கிடையாது. உனக்குக் கட்டை வளைக்கத் தெரிந்த ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. நீ வாயால்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

புதன்கிழமை ஷாமினி எங்கே போனாள் என்று உனக்குத் தெரியுமா? கிள்ளான் கோயிலுக்கு என்னோடு போனதாகச் சொல்லியிருப்பாள். அது நான் சொல்லிக்கொடுத்த பொய். இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு ரேஞ்சுக்குப் போனோம். துப்பாக்கி உதைப்பதைத் தாங்க அங்கியின் வலது தோளில் இருந்த திண்டைப் பிரித்து இடது தோளில் தைத்து வைத்திருந்தேன். என் துப்பாக்கியைத்தான் கொடுத்தேன். முதலில் சில தட்டு தவறிப் போயிற்று, துப்பாக்கியைப் பூட்டவே அவளுக்குக் கை தடுமாறியது. பிறகு இடது மெஷினிலிருந்து வந்த ஒரு தட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட உடையாத அதே பக்கத்துத் தட்டு, அவளுக்கு முன்னால் பொடிப்பொடியாகப் போயிற்று. அவள் துள்ளவில்லை, கத்தவில்லை. துப்பாக்கியை மடித்து, தோட்டாவை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தாள். அதன்பிறகு உடைந்துகொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது, ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று கேட்டேன். "வரேன் அத்தை. ஆனா அவரு முன்னாடி மட்டும் வேணாம்," என்றாள். இந்த வரியை இரண்டு தடவை படி. திருமணமாகி நான்கு மாதம். தனக்குக் கிடைத்த சந்தோஷத்தை உன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று உன் மனைவிக்குத் தோன்றியிருக்கிறது. எதிரிக்குத் தெரியாமல் ஒளிப்பது வேறு, வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் ஒளிப்பது வேறு. இப்படி ஒளிக்க ஆரம்பித்தால் முதலில் தட்டு, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். கடைசியில் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. நான் அந்த வீட்டில் குடியிருந்தவள், எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அனுப்புமுன் அவளிடம் காட்டினேன். புதன்கிழமையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். உன்னைத் திட்டியிருக்கும் இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னாள். ஒன்றை எடுத்தேன்.

இன்னும் ஒன்று மிச்சம். ஊருக்கெல்லாம் இரண்டு கண்ணையும் திற என்று தொண்டை வறளக் கத்துகிறாயே, நீ சுடும்போது என்ன செய்கிறாய் என்று யாராவது உன்னிடம் சொல்லியிருக்கிறார்களா? தட்டைக் கூப்பிடும் அந்த நொடியில் உன் இடது கண் மூடிக்கொள்கிறது. சின்ன வயதில் உன் அப்பா, ஒரு கண்ண மூடிக்கோ என்று சொல்லிப் பழக்கியது, உனக்கு அது இன்னும் விடவில்லை. நீ திறந்து வைத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் இடது மெஷினிலிருந்து வருகிற தட்டு உனக்கு எப்போதும் லேட்டாகத் தெரிகிறது, தவறவிட்டுவிட்டுக் காற்றைக் குறை சொல்கிறாய். டெங்கிலில் காற்று உன் ஒருவனுக்கு மட்டும் இடது பக்கத்திலிருந்து அடிக்கிறதா? அந்தக் கண்ணை மூடாமல் சுட்டால் நீ எங்கே சுடுவாய் என்று உனக்குத் தெரியாது. ஏனென்றால் பயிற்சியாளர் சட்டை போட்ட நீ, உன் கண்ணை ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. உனக்கும் இடது கண்தான் முந்துகிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இதெல்லாம் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருமா என்று கண்ணாடிக் கடைப் பெண்ணைக் கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். ஆனால் உனக்கு வாய்த்த மூக்கையும் முன்கோபத்தையும் பார்த்தால், கண் மட்டும் யாரிடமிருந்து வந்திருக்கும்?

ஆகவே, நாளைக்கு ஆபீசுக்குக் கீழே இருக்கும் கடையில் ஒரு வடை வாங்கு. யாரும் பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்க்காதே, அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தியபோது நீ அப்படி யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, தூரத்தில் இருக்கும் எதையாவது ஓட்டை வழியாகப் பார்த்து, மெதுவாக முகத்துக்குக் கொண்டு வா. இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும், ஏமாற்றாதே. ஞாயிற்றுக்கிழமை நானும் ஷாமினியும் இடது தோளில் வைத்துக்கொண்டு நிற்போம். பெரியப்பா மனம் நோகிற மாதிரிதான் இருக்கும், என் சமாதானம் இந்த வருடத்தோடு முடிந்தது. பாடம் எடுக்க வருவதாக இருந்தால் நீ கேன்டீனிலேயே உட்கார்ந்துகொள், உன் அப்பா போய் உட்கார்ந்த அந்த நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது. வடை எந்தக் கண்ணில் வந்து நின்றது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், இந்தக் குரூப்பில் போடவும் வேண்டாம். வீட்டுக்குப் போய், எண்ணெய்க் கன்னத்தைத் துடைக்காமல், அவளிடம் மட்டும் சொல்.

அம்மா